ஜோகன்னஸ்பர்க் குளிருக்கு ஒரு பிளாஸ்க்: வாங்கும் முறையும் பேணும் முறையும்

ஜோகன்னஸ்பர்க்கிற்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே நான் மூன்று பிளாஸ்க்குகள் வாங்கினேன். முதலாவது, வாங்கிய இரண்டாம் வாரத்திலேயே வெளிச்சுவர் சுடத் தொடங்கியது. ரசீதைத் தொலைத்திருந்ததால் கடையில் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். இரண்டாவதன் மூடிக்குள் பாலாடை புகுந்து ஊறி, எத்தனை முறை கழுவியும் நாற்றம் போகாமல் குப்பைக்குப் போனது. மூன்றாவது இன்றும் என் மேசையில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்காக இங்கே புதிதாக வரும் குடும்பங்கள் ஜூன், ஜூலை மாதக் காலைகளைக் கண்டதும் முதலில் கம்பளியும் ஹீட்டரும் வாங்குகிறார்கள். அடுத்ததாகப் பிளாஸ்க் வாங்க ஓடுகிறார்கள். அவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள உதவும் என்று, நான் பட்டறிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. எதற்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வீட்டில் வைத்து ஊற்றிக் குடிப்பதற்கும், பையில் போட்டு அலுவலகத்திற்கு எடுத்துச் செல்வதற்கும், நெடும்பயணத்திற்கும் ஒரே பிளாஸ்க் பொருந்தாது. மின்சாரம் நிற்கும் மாலைகளில் வெந்நீர் வைத்துக்கொள்வதுதான் நோக்கம் என்றால், ஒரு லிட்டருக்குக் குறையாத, அகன்ற அடியுள்ள பிளாஸ்க் வேண்டும். 2024 மார்ச் மாதத்திற்குப் பிறகு லோட்ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு பெரிதும் குறைந்துவிட்டாலும், பகுதி பகுதியாக மின்சாரம் போவது இன்னும் நிற்கவில்லை. ஆகவே இந்தத் தேவை தீர்ந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். ஒருவர் அலுவலகத்தில் குடிக்க 500 மி.லி. போதும். நால்வர் காரில் டர்பன் வரை போவதானால் ஒரு லிட்டரும் பற்றாது.

அளவைப் பற்றி ஒன்றை நினைவில் வையுங்கள். பெரிய பிளாஸ்க் சூட்டை அதிக நேரம் காக்கும். ஆனால் அது நிரம்பியிருக்கும்போது மட்டுமே. ஒரு லிட்டர் பிளாஸ்க்கில் இரண்டு கோப்பைத் தேநீரை ஊற்றி மூடினால், அதே தேநீரை நிறைத்த சிறு பிளாஸ்க்கைவிட அது விரைவில் ஆறும். அன்றாடம் எவ்வளவு குடிக்கிறீர்களோ அந்த அளவுக்கே வாங்குங்கள்.

2. கடையில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

எவர்சில்வரா, உள்ளே கண்ணாடிக் குடுவை வைத்ததா என்பது முதல் கேள்வி. கண்ணாடிக் குடுவை சூட்டை நன்றாகக் காக்கும், சுவையை மாற்றாது, விலையும் குறைவு. ஆனால் குளிர்ந்த குடுவைக்குள் திடீரெனக் கொதிநீர் ஊற்றினாலோ, உலோகக் கரண்டியால் கலக்கினாலோ, ஒருமுறை கீழே விழுந்தாலோ அதோடு முடிந்தது. இங்குள்ள சமையலறைகள் பலவற்றிலும் குளிர்காலக் காலையில் தரையும் பாத்திரமும் சில்லென்று இருக்கும் என்பதால் கண்ணாடிக்கு நான் வாக்களிக்க மாட்டேன். பூஜை அறைக்கு அருகில், நகராமல் ஒரே இடத்தில் இருக்கும் பிளாஸ்க் என்றால் வேறு கதை.

எவர்சில்வரில் உட்சுவர் 18/8 என்றோ 304 என்றோ குறிக்கப்பட்டிருக்க வேண்டும். 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த எஃகு என்பது அதன் பொருள். 316 என்றிருந்தால் உப்பையும் புளிப்பையும் இன்னும் கூடுதலாகத் தாங்கும். ‘இரட்டைச் சுவர்’ என்று மட்டும் எழுதி, ‘வெற்றிடம்’ என்ற சொல்லே பெட்டியில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். இரு சுவர்களுக்கும் நடுவே வெறும் காற்று இருக்கும் குவளைகளும் அப்படித்தான் விற்கப்படுகின்றன. அவை கையைச் சுடாமல் காக்குமே தவிர, தேநீரை மதியம் வரை காக்காது.

பிறகு மூடியைப் பாருங்கள். வெற்றிடச் சுவர் வழியாகச் சூடு வெளியேறுவது மிகக் குறைவு. கழுத்து வழியாகவும் மூடி வழியாகவும்தான் பெரும்பகுதி போகிறது. குறுகிய வாயும், தடித்த, உள்ளே இறங்கி அமரும் மூடியும் உள்ள பிளாஸ்க் அதிக நேரம் தாங்கும். பொத்தானை அழுத்தினால் ஊற்றும் மூடி வசதியானதுதான். ஆனால் அதன் உள்ளே விரல் போகாத சந்துகள் இருக்கும், பால் கலந்த பானம் அங்கே தங்கும். என் இரண்டாவது பிளாஸ்க்கைக் கொன்றது அத்தகைய மூடிதான். மூடியைக் கடையிலேயே கழற்றிப் பார்த்து, ரப்பர் வாஷர் விரலால் எடுக்க வருகிறதா, மூடி இரண்டு மூன்று பாகமாகப் பிரிகிறதா என்று சோதியுங்கள். பிரியாவிட்டால் அதைத் தேநீருக்கு வாங்காதீர்கள், வெந்நீருக்கு மட்டும் வாங்குங்கள்.

வாஷரும் மூடியும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்பது பலருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. எஃகுக் குடுவை பத்தாண்டு உழைக்கக்கூடும். வாஷர் அவ்வளவு காலம் தாங்காது. மாற்று வாஷர் கிடைக்காத பிளாஸ்க், சில்லறைக் காசுப் பொருளுக்காக முழுதாகத் தூக்கி எறியப்படும்.

3. பெட்டியில் எழுதியிருக்கும் மணிக்கணக்கை எப்படிப் படிப்பது

‘12 மணி நேரம்’, ‘24 மணி நேரம்’ என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது பயனற்றது. எத்தனை டிகிரியில் தொடங்கி எத்தனை டிகிரியில் நின்றது என்பதைச் சொல்லாத மணிக்கணக்கு ஒன்றையும் சொல்வதில்லை. ஜப்பானியப் பிளாஸ்க்குகளில் வேறு வகையான குறிப்பு இருக்கும்: அறை வெப்பம் ஏறத்தாழ 20 டிகிரியாக இருக்க, 95 டிகிரி நீரை நிறைய ஊற்றி, ஆறு மணி நேரம் கழித்து எத்தனை டிகிரி இருக்கும் என்பது. ஒப்பிடத் தகுந்தது இந்த எண் ஒன்றுதான்.

ஆனால் ஜோகன்னஸ்பர்க்கில் இந்த எண்ணும் அப்படியே வராது. இந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது; இங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கெட்டிலை எத்தனை முறை தட்டினாலும் 95 டிகிரி நீர் கிடைக்காது. அதோடு, குளிர்காலக் காலையில் சூடேற்றாத சமையலறை 20 டிகிரியில் இருப்பதும் இல்லை. கடலோரத்து டர்பனில் இருக்கும் உறவினரின் பிளாஸ்க் உங்களுடையதைவிட நன்றாக உழைப்பதாகத் தோன்றினால், அவருடைய நீர் ஆறு டிகிரி முன்னதாகவே புறப்பட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

4. விலை, ரசீது, திருப்பிக் கொடுக்கும் உரிமை

நான் பார்த்த வரையில் பெயரில்லாத எவர்சில்வர் பிளாஸ்க் 150 முதல் 250 ராண்ட் வரையிலும், மூடி பிரியும் தரமான 750 மி.லி. பிளாஸ்க் 350 முதல் 600 ராண்ட் வரையிலும், பெயர்பெற்ற வெளிநாட்டுப் பொருள்கள் அதற்கு மேலும் விற்கின்றன. கடையில் போட்டிருக்கும் விலையில் 15 விழுக்காடு வாட் வரி ஏற்கனவே சேர்ந்திருக்கும். தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. என் கணிப்பில் நடுத்தர விலைக்கு மேலே கொடுக்கும் பணம் வண்ணப் பூச்சுக்கும் பெயருக்கும்தான் போகிறது. மிகக் குறைந்த விலையில் வாங்குவதில் உள்ள இடர், சூடு நிற்காதது மட்டுமல்ல. வாஷர் கிடைக்காது, உட்சுவர் என்ன எஃகு என்றும் தெரியாது.

பணம் கொடுத்தவுடன் டில் ஸ்லிப் எனும் ரசீதைக் கடை வாசலிலேயே கைபேசியில் படம் பிடியுங்கள். அது வெப்பத்தாளில் அச்சாவது. கார் கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் சில நாள் கிடந்தாலே எழுத்து மறைந்துவிடும். பெட்டியையும் ஆறு மாதம் வைத்திருங்கள். ஆறு மாதம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, பொருளில் குறை இருந்தால் கையில் கிடைத்த ஆறு மாதத்திற்குள் அதை விற்றவரிடம் திருப்பித் தரலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்பதைத் தேர்ந்தெடுப்பது வாங்கியவரே. பழுது பார்த்துத் தந்த பிறகு மூன்று மாதத்திற்குள் அதே குறை திரும்பினால், கடைக்காரர் மாற்றித் தரவோ பணத்தைத் தரவோ வேண்டும்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. ‘திருப்பி வாங்கப்படமாட்டாது’ என்று கடையில் எழுதி மாட்டியிருந்தால், நிறம் பிடிக்கவில்லை என்பது போன்ற காரணங்களுக்கு அது செல்லும். குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. அதேபோல், நீங்கள் கீழே போட்டு நசுக்கியதைக் குறை என்று காட்ட முடியாது. ஆகவே சோதனையெல்லாம் முடியும் வரை பிளாஸ்க்கைக் கவனமாகக் கையாளுங்கள். இணையத்தில் வாங்கியிருந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது: மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தின்படி, பொருள் வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. கடைக்காரர் மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு, நுகர்வோர் பொருள்கள் மற்றும் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்கு நுகர்வோரிடம் கட்டணம் வாங்குவதில்லை. எனக்கு இவை எதுவும் தெரியாததால், ரசீது இல்லை என்ற ஒரே சொல்லோடு வெளியே வந்துவிட்டேன். வங்கிக் கணக்கு அறிக்கையைக் காட்டியாவது வாதாடியிருக்கலாம்.

5. முதல் வாரத்தில் செய்ய வேண்டிய சோதனை

சோப்புநீரில் கழுவி, கொதிநீரை நிறைய ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்து வெளிச்சுவரை மேலிருந்து கீழாகக் கையால் தடவிப் பாருங்கள். கழுத்தருகே இளஞ்சூடு இருப்பது இயல்பு. நடுவிலோ அடியிலோ சூடு தெரிந்தால் வெற்றிடம் போய்விட்டது. அதைச் சரி செய்ய எந்தப் பட்டறையிலும் வழியில்லை, அன்றே கடைக்குக் கொண்டு போங்கள். பிறகு தலைகீழாக ஒரு காகிதத் துணியின் மேல் கால் மணி நேரம் நிறுத்தி, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

சமையல் வெப்பமானி இருந்தால் ஆறு மணி நேரச் சோதனையும் செய்யலாம். ஜூலை மாதத்தில், 15 டிகிரி அறையில், என் 750 மி.லி. பிளாஸ்க்கில் 93 டிகிரியில் நிறைத்த நீர் ஆறு மணி நேரத்தில் 75 டிகிரிக்கு வந்தது. பாதி மட்டும் நிறைத்த மறுநாள் 63 டிகிரிக்கு இறங்கிவிட்டது. உங்கள் பிளாஸ்க்கின் எண்ணைப் பெட்டிக்குள் எழுதி வையுங்கள். ஓராண்டு கழித்து ஒப்பிட உதவும்.

6. தினமும் நிரப்பும்போது

கொதிநீரைக் கால்பங்கு ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம் விட்டுக் கொட்டிய பிறகே பானத்தை ஊற்றுங்கள். இதனால் கிடைப்பது மூன்று நான்கு டிகிரிதான். ஆயினும் இங்கே தொடக்கத்திலேயே ஆறு டிகிரி இழந்து நிற்கிறோம் என்பதால் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. கொட்டிய நீரிலேயே கோப்பையையும் அலம்பிக்கொள்ளலாம். மூடி அமரும் இடத்திற்குச் சற்றுக் கீழே வரை நிறையுங்கள். விளிம்பு வரை ஊற்றினால் மூடும்போது கையில் வழியும்.

தேநீரையும் பாலையும் ஒன்றாகக் கலந்து ஊற்றுவதைவிட, தெளிந்த தேநீரையோ டிகாக்ஷனையோ வெந்நீரையோ எடுத்துச் சென்று, பாலை அங்கே சேர்ப்பது நல்லது. ரூய்போஸ் எனும் தென்னாப்பிரிக்க மூலிகைத் தேநீர் இதற்கு மிகவும் ஏற்றது. அதில் கசப்புத்தரும் டானின் குறைவு என்பதால் நான்கு மணி நேரம் பிளாஸ்க்கில் இருந்தாலும் கடுத்துப் போவதில்லை. இலையைப் போட்டபடியே மூடாதீர்கள், வடிகட்டி ஊற்றுங்கள். சோடா, பீர் போன்ற குமிழிப் பானங்களை ஒருபோதும் அடைக்காதீர்கள். மூடி தெறிக்கும்.

7. டர்பன் பயணமும் திறக்காத மூடியும்

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு என்-3 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 570 கிலோமீட்டர். பயண உணவை இங்கே பாட்கோஸ் என்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒரு கூடை நிறையச் சமூசாவும் கொடுத்து அனுப்பினார். வான் ரீனன் கணவாய் இறங்கி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை நெருங்கியபோது என் பிளாஸ்க்கின் மூடி அசையவில்லை. கணவரும் நானும் மாறி மாறித் திருகிப் பார்த்தோம். பின்னிருக்கையிலிருந்து அத்தை துணியைச் சுற்றித் தாமும் முயன்றார். டர்பன் போய்ச் சேரும் வரை சமூசாவைத் தண்ணீரோடுதான் தின்றோம்.

மேட்டு நிலத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அங்கே அடைத்த பிளாஸ்க்கைக் கீழே கொண்டு வரும்போது வெளியழுத்தம் கூடுகிறது. உள்ளே நீராவி ஆறிச் சுருங்கி அழுத்தம் குறைகிறது. இரண்டும் சேர்ந்து மூடியை உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன. மூடியைச் சுற்றி வெந்நீர் ஊற்றி அரை நிமிடம் விட்டால் பெரும்பாலும் இளகிவிடும். இடுக்கியால் பிடித்துத் திருகினால் மூடியின் மரை கெட்டுவிடும். இதைத் தவிர்க்க எளிய வழி, பொங்கும் சூட்டில் ஊற்றியவுடன் இறுக்காமல், ஒரு நிமிடம் ஆவி போன பிறகு மூடுவதும், கணவாய் இறங்கிய பிறகு வழியில் நிற்கும்போது ஒருமுறை திறந்து மூடுவதும் ஆகும். டர்பனிலிருந்து மேலே வரும்போது நேர்மாறாக நடக்கலாம்: மெதுவாக, முகத்திற்கு அப்பால் பிடித்துத் திறவுங்கள், குழந்தைகளிடம் திறக்கக் கொடுக்காதீர்கள். பன்னாட்டு விமானத்தில் போவதாக இருந்தால் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே காலி செய்துவிடுங்கள், 100 மி.லி.க்கு மேற்பட்ட நீர்மத்தை விடமாட்டார்கள்.

8. பால், சூப், குழந்தைக்கான வெந்நீர்

நுண்ணுயிர்கள் 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பத்தில் பெருகும். பால் கலந்த காபி 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் பிளாஸ்க் ஓர் அடைகாப்பு அறையாகிவிடுகிறது. அது ‘இன்னும் இளஞ்சூடாக இருக்கிறது’ என்பது குடிக்கலாம் என்பதற்குச் சான்று அன்று, குடிக்கக் கூடாது என்பதற்கே சான்று. பால் சேர்ந்ததை இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் முடித்து, உடனே கழுவுங்கள். மறந்து மூடியே கிடந்த பால் புளித்து வாயு உண்டாக்கும். அத்தகைய பிளாஸ்க்கைத் திறக்கும்போது மூடி துள்ளும்.

கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கும் நீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரவு நேரத்திற்குப் பிளாஸ்க்கில் வெந்நீர் வைப்பதானால், மேலே சொன்ன சோதனையை நீங்கள் செய்து, எத்தனை மணி நேரம் 70க்கு மேல் நிற்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே வையுங்கள். கலந்த பாலை ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். கலந்ததைப் பிளாஸ்க்கில் சேமிக்கக் கூடாது.

சூப்பும் ரசமும் உப்பும் புளிப்பும் உள்ளவை. சில மணி நேரத்திற்கு மேல் எவர்சில்வரில் விடாதீர்கள். அவற்றின் வாசனை வாஷரில் ஏறி அடுத்த நாள் காபியில் தெரியும். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவும் புரட்டாசியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவை. கோழி சூப் குடித்த பிளாஸ்க்கை அந்த மாதத்தில் வீட்டுக்கு வரும் விருந்தினருக்கு நீட்டாதீர்கள். தனிப் பிளாஸ்க் வைப்பதே நலம்.

9. கழுவுதல்

அன்றன்று இளஞ்சூட்டுச் சோப்புநீர், நீண்ட கைப்பிடியுள்ள பாட்டில் பிரஷ், மூடியைப் பிரித்துத் தனியாகக் கழுவுதல், திறந்தபடியே உலர்த்துதல் ஆகியவை போதும். மூடி வைத்துப் பரணில் ஏற்றினால் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்க்கை முழுதாக நீரில் ஊற வைக்க வேண்டாம். மூட்டுகளில் நீர் புகும். பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் மைக்ரோவேவிலும் உறைவிப்பானிலும் வைக்கவே கூடாது.

தேநீர்க் கறைக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைப் போட்டு வெந்நீரை நிறைத்து, திறந்தே ஒரு மணி நேரம் விடுங்கள். நீரின் சுண்ணப் படிவுக்கும் துருப்போலத் தெரியும் சிவப்புப் புள்ளிக்கும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலத் தூளை) வெந்நீரில் கரைத்து இரண்டு மூன்று மணி நேரம் வைத்துக் கழுவலாம். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகப் போட்டு மூடாதீர்கள், வாயு அழுத்தம் மூடியைத் தள்ளிவிடும். இங்கே எல்லோரும் ஜிக் என்று அழைக்கும் வெளுப்பானில் குளோரின் இருக்கிறது. அது எவர்சில்வரில் நுண்ணிய குழிகளை அரித்துவிடும். கம்பி நாரும் வேண்டாம்.

10. எதை மாற்றுவது, எப்போது கைவிடுவது

வாஷர் தளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, கழுவிய பின்னும் நாற்றம் நின்றாலோ மாற்றுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்துக்கொண்டால் பிரச்சினை வராது. பிளாஸ்க்கோடே இரண்டாவது வாஷரையும் வாங்கி வைத்திருந்தால், அந்த வகை விற்பனையிலிருந்து மறைந்த பிறகும் கவலை இருக்காது. மூடியும் வாஷரும் சரியாக இருந்தும் வெளிச்சுவர் சுட்டால் அந்தப் பிளாஸ்க் முடிந்தது. பேனா தாங்கியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடியில் ஒட்டியிருக்கும் வட்டத் தகடு கழன்று விழுந்தால் மட்டும் அந்த வேலைக்கும் வைக்காதீர்கள். வெற்றிடத்தை அடைக்கும் முத்திரை பல பிளாஸ்க்குகளில் அந்தத் தகட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. சில தயாரிப்புகளில் அதற்குக் காரீயம் கலந்த பற்றவைப்பு பயன்படுகிறது. தகடு இருக்கும் வரை அது பானத்தையோ கையையோ தொடாது. கழன்ற பிறகு, குழந்தைகள் எடுத்து விளையாடும் இடத்தில் அதை விட்டு வைக்க வேண்டாம்.